வெட்டியே ஆக வேண்டிய ஆட்டம்

என் கைபேசியில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. ஒன்று சதுரங்கம், இன்னொன்று செக்கர்ஸ். சதுரங்கத்தில் கம்ப்யூட்டரைக் கீழ்நிலையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஜெயித்துவிடுவேன். செக்கர்ஸை அதன் உச்ச நிலையில்தான் வைத்திருக்கிறேன். அதில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை, ஜெயிக்கப் போவதுமில்லை. ஒழுங்காக எழுதிய நிரலாக இருந்தால் உலகத்தில் எவனாலும் அதை ஜெயிக்க முடியாது. இது நன்றாகத் தெரிந்த பிறகும் தினமும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறேன். இதைப் பற்றி என் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது.

செக்கர்ஸ் நம் ஊர் ஆட்டமில்லை. எங்களிடம் அது வந்து சேர்ந்ததே ஒரு ஆர்டரோடுதான். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நானும் என் மைத்துனனும், அதாவது என் மனைவியின் தம்பியும், பங்குக்கு ஒரு தையல் யூனிட் நடத்தினோம். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துத் திருப்பித் தருகிற ஜாப் ஒர்க். ஒரு சமயம் குழந்தைகளின் இரவு உடை வந்தது. ஒவ்வொரு செட்டோடும் கட்டம் அச்சிட்ட ஒரு துணி, சிவப்பிலும் கறுப்பிலும் கொஞ்சம் பெரிய பட்டன்கள், எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டுத் தர வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் படுக்கப் போகும் முன் அதை விரித்து ஆடுவார்களாம். அச்சில் கட்டம் விலகிப்போன துணிகள் ரிஜெக்டில் தங்கிவிட்டன. பட்டன்கள் எப்போதும் மிஞ்சும். அப்படித்தான் செக்கிங் டேபிளின் ஒரு மூலையில் நாங்கள் ஆடத் தொடங்கினோம்.

விதி சுலபம். காய்கள் கறுப்புக் கட்டங்களில் மட்டும் குறுக்காக முன்னேறும். எதிராளியின் காய்க்குப் பின்னால் கட்டம் காலியாக இருந்தால் அதைத் தாண்டி வெட்டலாம். எதிர்க்கோடிக்குப் போய்ச் சேர்ந்த காயின் மேல் இன்னொரு பட்டனை வைத்தால் அது ராஜா, பின்னாலும் வரும். இதெல்லாம் ஒரு நாளில் பழகிவிட்டது. ஒரே ஒரு விதியோடுதான் எனக்குக் கடைசி வரை ஒத்துவரவில்லை. வெட்ட வாய்ப்பு வந்தால் வெட்டியே ஆக வேண்டும். வேண்டாம் என்று விடும் உரிமை ஆடுகிறவனுக்குக் கிடையாது.

மைத்துனன் அந்த விதியை வைத்தே என்னைச் சாய்ப்பான். வேண்டுமென்றே ஒரு பட்டனைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துவான். நான் வெட்டியாக வேண்டும். வெட்டிவிட்டுப் போய் நிற்கும் இடம் எனக்குக் குழி. அவன் அங்கிருந்து இரண்டைத் தூக்குவான்.

"இதென்ன ஆட்டம் மாப்ள. வேண்டாம்னு விடவும் முடியல" என்றேன் ஒருநாள்.

"வெட்டச் சொல்றது ஆட்டமுங்க. அந்த எடத்துல வந்து நின்னது நீங்கதானுங்களே மச்சான்" என்றான் அவன்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்து வைத்தேன்.

நான் படித்தது கம்ப்யூட்டர், செய்வது பனியன். திருப்பூரில் இது ஒன்றும் அதிசயமில்லை, எங்கள் தெருவிலேயே என்னைப்போல நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் படித்தது எங்கே போகும்? ஆட்டத்தில் தோற்றால் அவன் சிரித்துவிட்டுத் தையல் லைனைப் பார்க்கப் போய்விடுவான். நான் உட்கார்ந்து ஏன் தோற்றேன் என்று கைபேசியில் தேடுவேன். ஜாப் ஒர்க் என்பதில் பாதி காத்திருப்பதுதான். வெட்டிய பீஸ் வரவில்லை, லேபிள் வரவில்லை, தரம் பார்க்கும் கியூசி ஆள் வரவில்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. டீ குடித்த கையோடு இன்னொரு டீ சொல்வேன், மெஷின் வரிசைகளுக்கிடையே நடப்பேன், யாருக்காவது போன் போட்டுக் கத்துவேன். தேடிப் படிப்பதும் அந்த வகை நடைதான்.

கம்ப்யூட்டர் செக்கர்ஸை ஆடுகிற விதத்தைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த ஆட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பலகையில் இரண்டு காய் மிஞ்சினால் என்ன ஆகும், மூன்று மிஞ்சினால் என்ன ஆகும் என்று தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போய், காய்கள் பாதிக்குக் கீழே குறைந்த நிலைகளுக்கெல்லாம் விடையை அடுக்கி வைத்துவிட்டார்கள். முன்னாலிருந்து தேடிக்கொண்டு வரும் நிரல் அந்த அடுக்கைத் தொட்டதும் யோசிப்பதை விட்டுவிடும். எடுத்துப் பார்க்கும். வெற்றி, தோல்வி, சமன், இந்த மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். வெட்டுவது கட்டாயம் என்பதால் வழிகளும் அதிகம் கிளைப்பதில்லை, ஒரே சந்தில் வெகுதூரம் ஓடிப் பார்த்துவிடலாம். இப்படிப் பல வருஷம் மெஷின்களை ஓடவிட்டு ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள்: இரண்டு பேரும் தப்பில்லாமல் ஆடினால் யாருக்கும் ஜெயம் இல்லை.

சதுரங்கம் அப்படி இல்லை. அங்கே வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். ஆறு விதமான காய்கள் ஆறு விதமாக நகரும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வழி பிரிந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு கைப்பிடி காய்கள் மிஞ்சிய நிலைகளுக்கு மட்டும் விடை தயாராக இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் மதிப்பீடு. பலகையின் ஓரத்தில் ஓர் எண் காட்டும், வெள்ளைக்குக் கொஞ்சம் மேல் என்று. இன்னும் கொஞ்ச நேரம் யோசிக்க விட்டால் அந்த எண் மாறும். சில சமயம் தலைகீழாகவே மாறும். அதையும் மனிதனால் இப்போது ஜெயிக்க முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் முடிவு என்னவென்று அதற்கும் தெரியாது. தெரியாமலேயே நம்மைவிட நன்றாக ஆடுகிறது. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும்.

இதையெல்லாம் ஒருநாள் மைத்துனனிடம் கொட்டினேன். எல்லாம் எழுதி வைத்த ஆட்டத்தை எதற்கு ஆடுவது, வா, சதுரங்கம் சொல்லித் தருகிறேன் என்றேன். அவன் ஓவர்லாக் மெஷின் ஒன்றில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"தப்புப் பண்ணாம ஆடினா ரெண்டு பேருமே தோக்காம எந்திரிச்சுப் போலாமுங்களா?"

"ஆமா."

"அப்புறம் என்னங்க மச்சான், நல்ல ஆட்டந்தானுங்களே."

எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதை அன்றைக்கே யோசித்திருக்கலாம், நான் சதுரங்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் வாடகைக்கு வருகிறது என்று புரோக்கர் சொன்னார். எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிக்காரர் ஒருவர், பெரிய யூனிட்டாகப் போட்டால் வருஷம் முழுக்க ஆர்டரால் நிரப்பித் தருகிறேன் என்றார். நான் கட்டடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். உயரமான கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல், லாரி உள்ளேயே வந்து திரும்பலாம். வீடு வந்து சேருவதற்குள் எந்த லைன் எங்கே, கட்டிங் எங்கே, பேக்கிங் எங்கே என்று மனதில் போட்டு முடித்துவிட்டேன். இனிமேல் மற்றவன் வெட்டி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம், நாமே வெட்டலாம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது கூரையின் உயரம் ஞாபகம் வரும்.

மைத்துனன் ஒரே வரியில் சொன்னான். "இருக்கறது போதுமுங்க."

ஏன் போதும் என்று அவன் விளக்கவில்லை. அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆர்டர் பிடிப்பது நான், யூனிட்டை ஓட்டுவது அவன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆட்களோடு இந்தியில் பேசுவான், மதுரைப் பக்கத்துப் பெண்களின் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பான், யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும், பிள்ளைகளோடு உட்கார வேண்டும். யூனிட் பெரிதானால் இதெல்லாம் போய்விடும். அவன் இல்லாமல் என்னால் ஒரு லைனைக்கூட ஓட்ட முடியாது. இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால் அவன் எங்கேயும் போய்விட மாட்டான் என்று ஒரு நாளும், போய்விடுவானோ என்று மறுநாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் எல்லா நாளும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும். நான் கட்டடப் பேச்சை எடுக்க எடுக்க அவன் பேச்சில் 'ங்க' பெருகிக்கொண்டே வந்தது. "சரிங்க." "பார்க்கலாமுங்க." "நீங்க சொன்னாச் சரிதானுங்க." முன்பெல்லாம் என் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவன். இப்போது நான் வந்தால் எழுந்து நின்றான். செக்கிங் டேபிளில் கட்டத் துணி மடித்தபடியே கிடந்தது.

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். உன் தம்பி பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான் என்றேன்.

"ஏனுங்க, அவன்கிட்ட வேணுமான்னு கேட்டீங்களா? இல்ல, வேணும்னு சொன்னீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு பக்கமும் பேச முடியாத இடத்தில் அவள் இருந்தாள். எனக்கு அவள்மீதும் கோபம் வந்தது.

பிறகு ஒருநாள் மைத்துனனே வந்தான். குண்டடம் பக்கத்தில் அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் பூக் கேட்கலாம் என்றான். "எத்தன நாளைக்குங்க மச்சான் இப்படியே இழுத்துட்டு இருக்கறது. கேட்டுப்போடலாமுங்க. அம்மா என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் மீறக் கூடாதுங்க."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. கல்யாணமோ கிணறு வெட்டுவதோ புது யூனிட்டோ, எதுவானாலும் பூக் கேட்டுவிட்டுத்தான் கையை வைப்பார்கள். அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்ட வைப்பார்கள். வலது பூ முதலில் விழுந்தால் செய்யலாம், இடது விழுந்தால் கூடாது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். அந்தக் கோயிலில் கேள்வியை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை, மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதும். பூசாரிகூட என்ன காரியம் என்று கேட்க மாட்டார்.

எனக்குச் சாமி நம்பிக்கை திருவிழாவுக்குத் திருவிழா மாறும். ஆனாலும் உடனே சம்மதித்தேன். ஏதாவது ஒரு பதில் வந்து, இந்த அலைச்சல் முடிந்தால் போதும் என்றிருந்தது. ஒரு எண் மாறிக்கொண்டே இருப்பதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காரில் இரண்டு பேருமாகப் போனோம். வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தான், முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், பதில் வந்தது, பேச்சு வரவில்லை. கோயிலில் எங்களைத் தவிர யாருமில்லை. பூசாரி விளக்கைத் தூண்டிவிட்டு, அரளிப் பூக்களை நனைத்து அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டினார்.

"நெனைச்சுக்கங்க சாமி" என்றார்.

நான் கண்ணை மூடிக் கட்டடத்தை நினைத்தேன். தாயே, அந்தக் கட்டடத்தை எடுக்கலாமா. கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்துவிட்டேன். பூ அப்படியே இருந்தது. அவன் இன்னும் கண்ணை மூடியிருந்தான், உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னால் நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இடது பூ கொஞ்சம் சரிந்ததுபோல் தெரிந்தது. இல்லை, விளக்கு ஆடியது. இடது விழுந்தால் கம்பெனிக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அம்மனையே முறைத்துக்கொண்டு நின்றேன் என்று பிற்பாடு தோன்றியது.

வலது பூ விழுந்தது.

"அம்மா குடுத்துட்டாங்க" என்று பூசாரி அதை எடுத்து எங்கள் இருவர் கைக்கும் பொதுவாக நீட்டினார். மைத்துனன் குனிந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. மனமில்லாத காரியத்துக்குத் தலையாட்ட வேண்டி வந்ததில் வருத்தம் போல என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது. முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது என் வாய் ஓயவில்லை. உனக்கு மாலையில் வீட்டுக்குப் போகத் தடையில்லாமல் ஒரு சூப்பர்வைசரைப் போட்டுவிடலாம், ஆட்களுக்கு அங்கேயே ரூம் பார்க்கலாம், நீ சொல்கிற இடத்தில்தான் லைன் என்றேன். பல மாதங்களாகச் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் ஜெயித்த பிறகு தாராளமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் கையில் அந்தப் பூவை வைத்திருந்தான்.

"மச்சான், கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றான்.

நிறுத்தினேன். தண்ணீர் வேண்டுமோ என்று பார்த்தேன்.

"நீங்க கட்டடத்தையா கேட்டீங்க?"

"பின்ன வேற என்னத்தக் கேக்கறது?"

"நான் தனியாப் போலாமான்னு கேட்டனுங்க. நீங்களும் அதைத்தான் கேப்பீங்கன்னு நெனச்சனுங்க. இத்தன மாசமா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அதுதானுங்களே."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு பூ, இரண்டு கேள்வி. இரண்டுக்கும் சேர்த்து அம்மன் சரி என்று சொல்லிவிட்டாள். அந்த நிமிஷத்தில்கூட என் மூளை சும்மா இருக்கவில்லை, மறுபக்கத்தையும் ஓட்டிப் பார்த்தது. இடது விழுந்திருந்தால் கட்டடமும் இல்லை, பிரிவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் அவன் மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருப்பான், நான் டீ சொல்லிக்கொண்டிருப்பேன். யாருக்கும் எதுவும் போயிருக்காது. அந்த இடது பூ விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் நான் நின்றிருந்தேன்.

"அது செல்லாது மாப்ள. ரெண்டு பேரும் வேற வேற கேட்டிருக்கோம். திரும்பப் போய்க் கேக்கலாம்."

"ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதானுங்க."

"அப்ப நான் கட்டடத்த விட்டுடறேன். வேண்டாம். இருக்கறது போதும்."

அவன் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதைப் போன மாசம் சொல்லியிருந்தீங்கன்னா நான் இங்க வந்தே இருக்க மாட்டனுங்க மச்சான். இனி முடியாதுங்க. அம்மா உங்களுக்கும் குடுத்துட்டாங்க. மீற மாட்டோம்னு ரெண்டு பேருந்தானுங்களே ஒத்துக்கிட்டோம்."

நான் வண்டியை எடுக்கவில்லை. அவன்மீது ஆத்திரம் வந்தது, ஏமாற்றிவிட்டான் என்று. அவன் ஏமாற்றவில்லை என்பதும் தெரிந்தது. நான் ஒரு தடவையாவது, என்ன கேட்கப் போகிறாய் என்று அவனிடம் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். மடியில் பூவை வைத்துக்கொண்டு நான் வண்டியைக் கிளப்பட்டும் என்று அவன் காத்திருந்தான். அவனுக்குக் காத்திருக்கத் தெரியும். எனக்கு அழுகை வந்தது, எதிரில் வந்த லாரியைத் திட்டினேன்.

கைபேசி அடித்தது. புரோக்கர். பூக் கேட்டுவிட்டு இன்று சொல்லிவிடுவதாக நான்தான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் குரல் காருக்குள் சத்தமாகக் கேட்டது.

"என்னங்க, அம்மா பூக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. அப்ப நாளைக்குக் காலைல பார்ட்னருங்க ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டர்லாமுங்களா?"

மைத்துனன் தலையசைத்தான், சொல்லுங்க என்பதுபோல.

"நான் மட்டும் வர்றனுங்க" என்றேன். அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.